ஆறு நிறத் தாளில் ஒரு பிள்ளை

தாமரை டீச்சர் ரயிலில் உட்கார்ந்துதான் எழுதுவார். கிள்ளானில் பிற்பகல் கொமுட்டர் ரயிலைப் பிடித்தால் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையம் வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அன்று வகுப்பில் பார்த்த நான்கைந்து பிள்ளைகளைப் பற்றி எழுதி முடித்துவிடுவார். மடியில் கைப்பை, அதன்மேல் ஓர் அட்டை, அட்டையின்மேல் உள்ளங்கை அளவுக்கு வெட்டிய நிறத்தாள்கள். மொழிக்கு மஞ்சள். உடல் அசைவுக்குப் பச்சை. சிந்தனைக்கு நீலம். மற்றவர்களோடு பழகுவதற்கு இளஞ்சிவப்பு. தன் வேலையைத் தானே செய்வதற்கு ஆரஞ்சு. ஆட்டம், பாட்டு, ஓவியத்துக்கு ஊதா. ஒரு தாளில் ஒரு செய்தி, மேலே தேதி. ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையின் ஃபைலிலும் அந்தந்த நிறத்துக்குரிய பக்கத்தில் ஒட்டுவார்.

அவர் வேலை செய்யும் பாலர் பள்ளியில் பரீட்சை கிடையாது. ஐந்து வயது வகுப்பு ஒன்று, ஆறு வயது வகுப்பு ஒன்று. ஆண்டுக்கு இரண்டு முறை அந்தத் தாள்களைப் படித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் நட்சத்திரம் போட்டு, பெற்றோருக்கு அறிக்கை கொடுப்பார்கள். மூன்று நட்சத்திரம் என்றால் பிள்ளைக்கு வந்துவிட்டது. இரண்டு என்றால் வந்துகொண்டிருக்கிறது. ஒன்று என்றால் இன்னும் வரவில்லை. ‘உங்கள் பிள்ளையை நாங்கள் முழுமையாகப் பார்க்கிறோம்’ என்று வாசல் பதாகையில் எழுதியிருக்கிறது.

போன ஆகஸ்டில் அவருடைய ஃபிளாட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். ஒன்பது வருடம் வெளிநாடுகளில் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தேன். எத்தனை நாள் இருப்பேன் என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோது கூடத்தின் தரை முழுக்க நிறத்தாள்கள் வரிசை வரிசையாகக் கிடந்தன. நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர், தடித்த கண்ணாடியோடு, நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்.

“மிதிக்காம வாம்மா. சுவரோரமா வா” என்றார்.

எல்லாத் தாளும் ஒரே பிள்ளையைப் பற்றியவை. பெயர் லினேஷ். மொத்தம் எழுபத்தொன்று. நிறம் பார்க்காமல் தேதி பார்த்து அடுக்கியிருந்தார். பதினாறு மாதத்தில் முதல் தடவையாக அப்படி அடுக்குகிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

டீச்சர் இதே பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் வேலை செய்தார். பள்ளியில் முதலாம் ஆண்டு முடிவில் வகுப்பில் முப்பத்தொன்பது பிள்ளைகள்; தாமரை முப்பத்தெட்டாவது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்று அப்பா அந்த ரிப்போர்ட் கார்டை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். அடுத்த தீபாவளி வரைக்கும் அது அங்கேயே இருந்தது. பலகாரத் தட்டோடு வந்த உறவுக்காரர்கள் படித்துவிட்டு, “பரவால லா, பின்னாடி இன்னும் ஒன்னு இருக்கே” என்று சிரித்தார்கள். அவருக்கு ஒன்பது வயதானபோது, பிள்ளைகளைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு வந்த தாதி ஒருவர்தான் அவருக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். கண்ணாடி போட்ட வருடம் பன்னிரண்டாவதாக வந்தார்.

இந்தக் கதையை ஒவ்வொரு வருடமும் பெற்றோர் கூட்டத்தில் சொல்வார். முப்பத்தெட்டாவது என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு என் கண்ணைப் பார்க்கத் தெரியவில்லை என்று முடிப்பார். பெற்றோர் கைதட்டுவார்கள்.

பத்தொன்பது வயதில் உதவியாளராகச் சேர்ந்து, முப்பத்தெட்டில்தான் டிப்ளோமா முடித்தார். அங்கே ஒரு விரிவுரையாளர் சொன்ன வாக்கியத்தை அட்டையில் எழுதி வைத்திருந்தார்: பிள்ளையால் முடியாததை எழுதாதே, முடிவதை எழுது. அதை அவர் சத்தியம்போலக் காப்பாற்றினார். பேசாத பிள்ளையைக் கவனித்துக் கேட்கும் பிள்ளை என்று எழுதுவார். அடம் பிடிப்பவனுக்கு உறுதி இருக்கிறது என்பார். அவர் எழுதிய அறிக்கையைப் படித்து எந்த வீட்டிலும் எந்தப் பிள்ளையும் அடி வாங்கியதில்லை. அதில் அவருக்குப் பெருமை இருந்தது.

லினேஷ் ஐந்து வயதில் வந்து சேர்ந்தான். அப்பா விஜயன், மேருவில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அம்மா மலர்விழி வீட்டிலிருந்து முறுக்கு சுட்டு விற்கிறார். வீடும் மேருவிலேயே ஒரு ஃபிளாட்டில், நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரே பிள்ளை.

கதை சொல்லி முடித்ததும் பிள்ளைகள் பாயிலிருந்து எழுந்திருப்பார்கள். மற்றவர்கள் துள்ளி எழ, லினேஷ் மட்டும் வேறு மாதிரி எழுந்தான். முதலில் குப்புறத் திரும்பி இரண்டு கையையும் தரையில் ஊன்றுவான். பின்புறத்தை உயர்த்துவான். பிறகு ஒரு கையை முழங்காலில் வைப்பான், அடுத்த கையைத் தொடையில் வைப்பான், தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல மெல்ல மெல்ல நிமிர்வான். பரதம் கற்றுக்கொள்ளும் ஒரு சிறுமி முதல் நாளே கவனித்துவிட்டாள்.

“டீச்சர், லினேஷ் பூமிக்கு வணக்கம் வைக்கறான்.”

டீச்சருக்கு அது பிடித்துப்போனது. நடனம் தொடங்குமுன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதுபோலத்தான் இருந்தது. ‘லினேஷ் வணக்கம்’ என்று பெயர் வைத்தார். வகுப்பு முழுக்க அப்படி எழுந்திருக்கப் பழகியது. அவன் முன்னால் நின்று செய்துகாட்டுவான், மற்ற இருபத்திரண்டு பேரும் பார்த்துச் செய்வார்கள். டீச்சர் ஃபோனில் படம் பிடித்து வைத்தார்.

தரையில் அடுக்கியிருந்த தாள்களில் சிலவற்றை நான் அன்று சுவரோரம் நின்றே படித்தேன்.

ஏப்ரல் பதினொன்று, ஊதா: ‘தரையைத் தொட்டு, கைகளைக் காலின்மேல் ஏற்றி ஏற்றி எழுகிறான். தானே கண்டுபிடித்த அழகான அசைவு.’

மே இரண்டு, இளஞ்சிவப்பு: ‘மாடிக்குப் போகும்போது எல்லாரையும் முன்னால் விட்டுக் கடைசியாக வருகிறான். விட்டுக்கொடுக்கும் குணம்.’

மே பத்தொன்பது, ஆரஞ்சு: ‘இன்று மூன்று முறை விழுந்தான். அழவில்லை. யாரையும் கூப்பிடாமல் தானே எழுந்தான்.’

ஜூன் ஏழு, நீலம்: ‘பந்து உருண்டால் பின்னால் ஓடுவதில்லை. சுவரில் பட்டு எங்கே திரும்பும் என்று யோசித்து அங்கே போய் நிற்கிறான்.’

ஜூலை நான்கு, பச்சை: ‘ஓட்டம், ஒற்றைக் காலில் குதித்தல், படி ஏறுதல் இன்னும் வரவில்லை. ஆனால் கெண்டைக்கால் கால்பந்து வீரனைப் போலத் திரண்டிருக்கிறது. பயிற்சி கொடுத்தால் வந்துவிடும்.’

எழுதப்பட்ட எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் தன் நிறத்துக்குள் அழகாக இருந்தது. ஆகஸ்டில் அறிக்கை போனபோது ஐந்து நிறத்துக்கு மும்மூன்று நட்சத்திரம். பச்சைக்கு மட்டும் ஒன்று.

விஜயன் வேலைச் சட்டையோடே பள்ளிக்கு வந்தார். அறிக்கையை நாலாக மடித்துப் பையில் வைத்திருந்தார்.

“டீச்சர், எல்லாத்திலயும் மூனு வாங்கிட்டான். இந்த ஒன்ன மட்டும் மூனாக்கணும். என்னா செய்யணும்?”

“ஒன்னும் பயப்பட வேணாம் அண்ணே. ஓடி விளையாட விடுங்க. வீட்லதான் படி இருக்கே, தூக்கிட்டுப் போகாம அவனையே ஏற விடுங்க. வந்துரும்.”

“எத்தன தடவ ஏத்தணும்?”

“முடிஞ்ச மட்டும்.”

இந்த உரையாடலை டீச்சர் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசி இரண்டு சொல்லில் நிறுத்திக்கொள்வார்.

செப்டம்பர் முதல் நாளிலிருந்து விஜயன் மகனைப் படி ஏற்றினார். காலையில் இரண்டு தடவை, மாலையில் மூன்று தடவை. முன்னால் ஒரு படி தள்ளி நின்றுகொண்டு, “வா லா, சிங்கம், வா” என்று கூப்பிடுவார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, ஏறிய ஒவ்வொரு தடவைக்கும் நட்சத்திரம் போட்டார். மலர்விழி ஒருநாள், பிள்ளை அசந்து போறான் என்று சொன்னதற்கு, “டீச்சரே சொல்லிட்டாங்க” என்று பதில் வந்தது. சனிக்கிழமை ஒன்றில் பத்துமலை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். இருநூற்று எழுபத்திரண்டு படி. கீழே கிளம்பி மேலே சேர ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. முகம் சிவந்து, அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மகனைப் படம் எடுத்து, ‘என் பையன் முடிச்சிட்டான்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டார். டீச்சர் அதைப் பார்த்து, இதயப் படம் ஒன்றை அனுப்பினார்.

அடுத்த வருடம் ஜூலையில், வீட்டுப் படிக்கட்டில் மூன்றாம் மாடியில் லினேஷ் உட்கார்ந்தான், எழ முடியவில்லை. கிளினிக்கில் ஆரம்பித்து, பெரிய மருத்துவமனை, ரத்தப் பரிசோதனை, பிறகு ஒரு நிபுணர். அந்த டாக்டர் அவனைத் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார். லினேஷ் சந்தோஷமாகச் செய்தான். கையைத் தரையில் ஊன்றி, முழங்காலில் வைத்து, தொடையில் வைத்து, நிமிர்ந்து, “இது லினேஷ் வணக்கம். எங்க கிளாஸ்ல எல்லாரும் செய்வாங்க” என்றானாம். டாக்டர் சிரிக்கவில்லை.

தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தி இழக்கும் நோய். பிறவியிலேயே இருப்பது. பத்து, பன்னிரண்டு வயதில் நடை நின்றுவிடலாம். மருந்தால் அதைத் தள்ளிப்போட முடியும், நிறுத்த முடியாது. அப்படிக் கையூன்றி எழுவதும், கெண்டைக்கால் திரண்டிருப்பதும் அந்த நோயின் அடையாளம்தான்.

மலர்விழி ஃபோனில் இதையெல்லாம் சொன்ன ஞாயிற்றுக்கிழமைதான் டீச்சர் ஃபைலைத் திறந்து தாள்களை உரித்து எடுத்தார். அன்றுதான் நான் பெட்டியோடு வந்தேன். அதன் பிறகு அவர் ரயிலில் எதுவும் எழுதவில்லை. வெட்டிவைத்த தாள்கள் பிஸ்கட் டின்னில் அப்படியே கிடந்தன. பழைய தாள்களை மட்டும் திரும்ப ஒட்டி, ஃபைலைப் பள்ளி அலமாரியில் கொண்டுபோய் வைத்தார்.

செப்டம்பர் நடுவில் மலர்விழி மறுபடி கூப்பிட்டார். டீச்சர் அடுப்பில் ரசம் வைத்திருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தார்.

“டீச்சர், அவரு சோத்துல கை வைக்கறதில்ல. மூனு வாரமாச்சு. ரொட்டியும் தண்ணியும்தான். வேலைக்கும் போகல.”

“என்னாம்மா சொல்றாரு?”

“நான் படி ஏத்தித்தான் பிள்ள காலு போச்சுங்கறாரு. டாக்டர் இல்லேன்னு சொல்லிட்டாங்க, பிறக்கும்போதே இருந்ததுன்னு. அது ஆறுதலுக்குச் சொல்றதாம். படி ஏத்தறதுக்கு முன்னாடி நல்லாதான் இருந்தான்னு சாதிக்கறாரு. நானும் வேலையில கெடந்தவ, என்னாத்தைச் சொல்ல? நீங்க தேதி போட்டு எழுதுவீங்கல்ல டீச்சர்? வீடியோவும் எடுப்பீங்க. முன்னாடியே இருந்துச்சுன்னு அதுல இருந்தா குடுங்களேன். பார்த்தா நம்புவாரு.”

ரசம் பொங்கி வழிந்தது. டீச்சர் அடுப்பை அணைத்தார்.

“இருக்கும்மா. கொண்டு வர்றேன்.”

வெள்ளிக்கிழமை அவரை மேருவுக்குக் கூட்டிப்போக ஒரு காரை இரவல் வாங்கிக் கிள்ளானுக்குப் போனேன். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். அலுவலக அறைக் கதவு திறந்திருந்தது. நான் செருப்பு அலமாரி பக்கத்தில் நின்றேன். பள்ளியை நடத்தும் லோகேஸ்வரி மேடம், மேசையில் லினேஷின் ஃபைலை வைத்திருந்தார். அது மெலிந்திருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் நிறத்தாள்கள் தனியாகக் கிடந்தன.

“ட்ராயிங், சர்டிபிகேட், கான்சர்ட் போட்டோ எல்லாம் உள்ள இருக்கு. அழகா இருக்கு, குடுத்துட்டு வாங்க. நோட்ஸ் இங்கயே இருக்கட்டும்.”

“அவங்களுக்கு நோட்ஸ்தான் வேணும் மேடம்.”

“தாமரை, உங்களுக்குப் புரியலயா? பதினேழு மாசத்துக்கு முன்னாடியே பார்த்து, எழுதி, வீடியோவும் எடுத்து வச்சிட்டு, ஒரு வார்த்த சொல்லலேன்னு அதுல இருக்கு. நாளைக்கு யாராச்சும் அதைப் படம் எடுத்து ஃபேஸ்புக்ல போட்டா? நாப்பத்தஞ்சு பிள்ளைங்க, நாலு டீச்சர். யாரு வருவா இங்க?”

டீச்சர் மேசையைச் சுற்றித் தட்டுப் பக்கம் போனார்.

மேடத்தின் குரல் இறங்கியது. “நீங்க டாக்டர் இல்ல. நானும் இல்ல. அந்த வீடியோவ நானும்தான் பார்த்தேன். சிரிச்சேன்.”

“ஆமா மேடம்.”

“அப்புறம் என்னா லா?”

“அந்த மனுஷன் சாப்பிடல” என்றார் டீச்சர்.

தட்டிலிருந்த தாள்களை எடுத்தார். மேசை முனையில் தட்டி ஒழுங்குபடுத்தி, ஃபைலுக்குள் வைத்து, ரப்பர் பேண்ட் போட்டார். மேடம் தடுக்கவில்லை. நாங்கள் காருக்குப் போகும்போது, அவர் வாசலுக்கு வந்து, “திங்கக்கிழமை வந்து பேசுங்க” என்று மட்டும் சொன்னார்.

மேருவுக்குப் போகும் வழியெல்லாம் லோரிகள். டீச்சர் ஃபைலை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். ஃபிளாட்டுக்குக் கீழே இறங்கியதும் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏறினார். இரண்டாம் மாடியில் நின்றார். மூச்சு வாங்கவில்லை. அங்கே சுவரில், ஆறு வயதுப் பிள்ளையின் தோள் உயரத்தில், கை பட்டுப் பட்டுக் கறுத்த ஒரு கோடு மேலே வரைக்கும் போனது. அதைத் தொடாமல் மறுபக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

மலர்விழி கிரில் கதவைத் திறந்தார். கூடத்தில் முறுக்கு டப்பாக்கள், ஒரு டிவி, தரையில் பாய். பாயில் லினேஷ் கலர் பென்சிலோடு உட்கார்ந்திருந்தான். மூலையில் நாற்காலியில் விஜயன். தாடி வளர்ந்திருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தாள் ஒட்டிய இடத்தில் பசைத்தடம் மட்டும் இருந்தது.

“டீச்சர்” என்றான் லினேஷ். பென்சிலைக் கீழே வைத்தான். திரும்பி இரண்டு கையையும் தரையில் ஊன்றினான்.

யாரும் அவனை நிறுத்தவில்லை. இப்போது முன்னைவிட நேரம் எடுத்தது. முழங்காலில் வைத்த கை ஒரு தடவை வழுக்கியது, மறுபடி வைத்தான். நிமிர்ந்ததும் டீச்சர் முகத்தைப் பார்த்தான். வகுப்பில் அந்த இடத்தில் அவர் கைதட்டுவது வழக்கம். அவன் காத்திருந்தான்.

டீச்சர் கைதட்டினார். இரண்டு தட்டு, மூன்று தட்டு. விஜயன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மலர்விழி பிள்ளையை அறைக்குள் கூட்டிப்போய்க் கார்ட்டூன் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். டீச்சர் நாற்காலியில் உட்காரவில்லை. விஜயனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, ஃபைலைத் திறந்து, ஊதாத் தாளை எடுத்து நீட்டினார்.

“தேதிய பாருங்க அண்ணே.”

அவர் வாங்கவில்லை. டீச்சரே வாசித்தார். ஏப்ரல் பதினொன்று, போன வருடம். தரையைத் தொட்டு, கைகளைக் காலின்மேல் ஏற்றி ஏற்றி எழுகிறான். அடுத்தது மே இரண்டு. அடுத்தது மே பத்தொன்பது. மூன்று முறை விழுந்தான். தன் கையெழுத்தைத் தானே வாசிக்கும்போது அவர் குரல் வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும் குரலைப்போல இருந்தது. ‘அழகான அசைவு’ என்ற இடத்தை விடவில்லை. ‘விட்டுக்கொடுக்கும் குணம்’ என்ற இடத்தையும் விடவில்லை. பச்சைத் தாளை வாசித்து முடித்ததும் விஜயன் கையை நீட்டி ஊதாத் தாளை மட்டும் வாங்கினார்.

“ஏப்ரல்ல எழுதுனதா?”

“ஆமா.”

“நான் படி ஏத்த ஆரம்பிச்சது செப்டம்பர்.” விரல் மடக்கினார். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மறுபடி மடக்கினார். “அஞ்சு மாசத்துக்கு முன்னாடி.”

“முன்னாடியே இருந்துச்சு அண்ணே. அவன் எங்ககிட்ட வந்த முதல் வாரத்துலயே இருந்துச்சு. நீங்க செஞ்சதால வந்தது இல்ல.”

டீச்சர் ஃபோனை எடுத்து வீடியோவைப் போட்டு அவரிடம் கொடுத்தார். நாற்பது விநாடி. நான் இருந்த இடத்திலிருந்து படம் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளைகளின் சிரிப்பு. பாய் உரசும் ஒலி. பிறகு டீச்சரின் குரல், நான் வந்த நாளிலிருந்து கேட்டேயிராத குரல், அவ்வளவு குதூகலமாக: “சூப்பர் லினேஷ். இன்னொரு தடவ. எல்லாரும் லினேஷ் மாதிரி. இன்னொரு தடவ.”

விஜயன் அதை மூன்று முறை பார்த்தார். மூன்று முறையும் அந்தக் குரல் கேட்டது. டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா சிரிக்கறான்” என்றார் விஜயன்.

“ஆமா.”

“நீங்களும் சிரிக்கறீங்க.”

“ஆமா அண்ணே.”

“ஒரு வார்த்த அப்பவே சொல்லியிருக்கலாம் டீச்சர். இவன் இப்படி எந்திரிக்கறான், வீட்லயும் இப்படித்தானான்னு. அவ்ளோதான். கேட்டிருந்தா நான் பார்த்திருப்பேன்.”

“ஏங்க” என்றார் மலர்விழி.

“திட்டல. சும்மா சொல்றேன்.” ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். “பத்துமலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேன். பாதியில அழுதான். நான் ஏறுடான்னேன்.”

டீச்சர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மன்னிப்பு என்ற சொல்லைக் காரில் வரும்போது இரண்டு தடவை எனக்குச் சொல்லிப் பார்த்திருந்தார். அது வரவில்லை. “நான்தான் அண்ணே சொன்னேன். முடிஞ்ச மட்டும்னு” என்றார்.

விஜயன் தலையை ஆட்டினார். நினைவிருக்கிறது என்பதுபோல.

பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. மலர்விழி வேகமாகப் போனார். சோறும், சாம்பாரும், காலையில் பொரித்த மீனும். விஜயன் நின்றுகொண்டே நான்கு வாய் சாப்பிட்டார், பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். இடது கை முகத்தை மறைத்திருந்தது. தோள் குலுங்கியது. ஆனாலும் வலது கை பிசைந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தது. அதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே டீச்சர், ஃபைலைப் பாயின்மேல் வைத்தார். தாள்களோடு, ரப்பர் பேண்ட் போட்டு.

மலர்விழி எங்களோடு கிரில் கதவைத் தாண்டி நடைக்கு வந்தார். டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப நன்றி டீச்சர். அவரு சாப்பிட்டுட்டாரு.”

“நான் அடுத்த வாரம் வர்றேன்மா. அவனுக்குப் படிக்க ஏதாச்சும் கொண்டு வர்றேன். எழுதச் சொல்லிக் குடுக்கறேன். உட்கார்ந்துகிட்டே செய்யறதுக்கு எவ்வளவோ இருக்கு.”

மலர்விழி கையை விடவில்லை. ஆனால் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

“வேணாம் டீச்சர். தப்பா நெனைக்காதீங்க. டாக்டர் அவன அடிக்கடி அப்படி உட்கார்ந்து எந்திரிக்க விடாதீங்க, அலட்டிக்க வேணாம்னுட்டாங்க. நாங்க தூக்கி விடறோம், கேக்கறான். உங்கள பார்த்தா மட்டும் கேக்க மாட்டான். செஞ்சு காட்டணும் அவனுக்கு. உங்ககிட்ட கைதட்டு வாங்கணும். இனிமே வராதீங்க டீச்சர்.”

டீச்சர், “சரிம்மா” என்றார். உடனே சொன்னார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

நாங்கள் இறங்கினோம். இந்தத் தடவை அவர் சுவர்ப் பக்கமாகவே வந்தார். கை அந்தக் கறுத்த கோட்டின் மேலேயே வந்தது. கீழே கார் நிறுத்தியிருந்த இடம் அவர்கள் வீட்டு நடைக்கு நேர் கீழே. நான் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது மேலிருந்து குரல் வந்தது.

“டீச்சர்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். நான்காம் மாடிக் கம்பிகளுக்கு இடையே ஒரு சின்ன முகம்.

“டீச்சர், இங்க பாருங்க. டீச்சர்.”

டீச்சர் காரின் கூரைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். தலை குனிந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவன் உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்தால் எழுந்து காட்டுவான்.

“சீக்கிரம் கதவத் தொறம்மா” என்றார்.